நாம சிங்கமா, புலியா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே பர்மிங்காமுக்கே உரிய நசநச மழை. எங்கேயும் போக முடியாத எரிச்சலில் என் பத்து வயது மகள் என் மேஜை டிராயரைக் குடைந்து கொண்டிருந்தாள். காலாவதியான பாஸ்போர்ட், பழைய பாஸ்புக், அம்மா கட்டிக்கொடுத்த விபூதிப் பொட்டலம் எல்லாவற்றையும் தாண்டி, கடைசியில் ஒரு வெண்கல வில்லையைத் தூக்கிக் கொண்டு வந்தாள்.

"அப்பா, இந்த சிங்கம் ஏன் புலியைக் கீழே போட்டு மிதிக்குது?"

"புலின்னா திப்பு சுல்தான் பாப்பா. சிங்கம்னா இங்கிலீஷ்காரங்க."

"அப்போ நாம யாரு? சிங்கமா, புலியா?"

பி.காம். படித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேல் பேங்கில் குப்பை கொட்டுகிறவன் நான். யார் என்ன கேட்டாலும் அதற்கு ஒரு ஃபார்ம் எடுத்து நீட்டியே பழக்கம். இந்தக் கேள்விக்கு என்னிடம் ஃபார்ம் இல்லை. "அப்புறம் சொல்றேன்" என்று தப்பித்தேன். அந்த 'அப்புறம்'தான் இந்தப் பதிவு.

முதலில் வில்லையைப் பற்றி.

எனக்கு அம்மா வழி ஊர் கௌதள்ளி. பலருக்குத் தெரிந்திருக்காது. கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் பஸ்ஸில் போனவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். (வீரப்பன் காட்டுக்குப் பக்கமா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், பக்கம்தான். இல்லை, நான் பார்த்ததில்லை.) நான் சின்னப் பையனாக இருந்தபோது அது மைசூர் மாவட்டம். 1997-இல் சாமராஜநகர் மாவட்டமானது. வீட்டுக்குள் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், சந்தையில் இரண்டும் கலந்து ஒன்று.

அங்கே மாமா மளிகைக் கடை வைத்திருந்தார். எண்ணெய் வாங்கக் கிண்ணத்தோடு வருவார்கள் இல்லையா, கிண்ணத்தின் எடைக்கு ஈடாக மறு தட்டில் ஏதாவது வைக்க வேண்டும். அதற்காகக் கல்லாப்பெட்டி பக்கத்தில் கூழாங்கல், உடைந்த பூட்டு, பழைய திருகாணி என்று ஒரு டப்பா இருக்கும். அந்த டப்பாவில்தான் இந்த வில்லையும் கிடந்தது. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு அத்தை அதைப் புளி போட்டுத் தேய்த்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, குங்குமம் வைத்து விடுவார். "நம்ம பாட்டனாருக்குப் பாட்டனார் கும்பினிப் பட்டாளத்துல ஹவில்தாரு. அவருக்குக் குடுத்தது" என்பார் மாமா. நாங்கள் சிரிப்போம். பாட்டனாருக்குப் பாட்டனார் ஹவில்தாரா இருந்தா நீங்க ஏன் மாமா துவரம்பருப்பு நிறுத்துகிட்டு இருக்கீங்க?

நிற்க.

பத்து வருடத்துக்கு முன் பர்மிங்காமில் ஒரு நாணயச் சந்தைக்குப் போனேன். விக்டோரியா ராணியின் 1897 வைர விழா வெண்கலப் பதக்கம் ஒன்றைத் தேடிப் போனவன். அடுத்த மேஜையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாமா கடை எண்ணெய்க் கிண்ண வில்லை! அதே சிங்கம், அதே புலி. ஆனால் இதில் முகம் தெரிந்தது, பிடரி மயிர் தெரிந்தது. அத்தையின் புளி படாத பிரதி.

வியாபாரி சொன்னார்: "ஸ்ரீரங்கப்பட்டணம் மெடல். இங்கேதான் அடிச்சாங்க. இந்த ஊர்லயே."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. கௌதள்ளியில் கிண்ணத்துக்கு ஈடாக வைத்த சாமான் நான் சம்பளம் வாங்கும் ஊரில் செய்ததாம். அது வந்த வழியே நான் திரும்பி வந்திருக்கிறேன். அந்த வருடத்து போனஸில் பெரும்பகுதி அன்றைக்கே காலி. வீட்டில் கிடைத்த வரவேற்பைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். :-)

இப்போது கொஞ்சம் வரலாறு. தூக்கம் வராமல் சொல்லப் பார்க்கிறேன்.

1799 மே 4. மத்தியான உச்சி வெயிலில் கும்பினிப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை மதிலில் உடைத்த இடத்தின் வழியே ஏறியது. அன்றைக்கே திப்பு இறந்தார். அந்த வெற்றிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பதக்கம் அடிக்க முடிவு செய்தது. வேலை பர்மிங்காம் சோஹோ மின்ட்டுக்குப் போனது. மாத்யூ போல்டன் நீராவி இயந்திரத்தில் நாணயம் அடித்த இடம் அது. போல்டனின் கூட்டாளி ஜேம்ஸ் வாட். படம் வரைந்து அச்சு வெட்டியவர் ஜெர்மனியிலிருந்து வந்த குக்லர் என்ற கலைஞர். அதே சோஹோவில்தான் பின்னாளில் மதராஸ் ராஜதானிக்கான பத்துக் காசு, இருபது காசு செப்பு நாணயங்களும் அடித்தார்கள். அதில் 1808-ஆம் வருடக் காசுகளை ஏற்றிக் கொண்டு கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்கு முன்பே மூழ்கியது. கடலிலிருந்து எடுத்த அந்தக் காசுகள் இன்றும் இங்கே கடைகளில் கிடைக்கின்றன. மதராஸ் சந்தையில் கத்தரிக்காய் வாங்கியிருக்க வேண்டிய காசு!

பதக்கத்தின் ஒரு பக்கம் சிங்கம் புலியை மிதிக்கிறது. மறு பக்கம் கோட்டையைப் பிடிக்கும் காட்சி, மேலே உச்சிச் சூரியன், கீழே பாரசீக எழுத்தில் ஊர்ப் பெயரும் ஹிஜ்ரி தேதியும். சிங்கத்துக்கு மேல் பறக்கும் கொடியில் அரபியில் ஒரு வாசகம்: 'இறைவனின் சிங்கமே வெல்வது' என்று பொருள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த வாசகம் திப்புவுடையது. தன் ஆயுதங்களில் புலி முகம் போன்ற வடிவத்தில் அவர் பொறித்து வைத்தது. தோற்றவனின் வாசகத்தையே எடுத்து ஜெயித்தவனின் தலைக்கு மேல் மாட்டிவிட்டார்கள். நாட்டைப் பிடித்தது போதாது என்று வார்த்தையையும் பிடித்தார்கள்.

லண்டன் போனால் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் திப்புவின் மரப் புலியைப் பாருங்கள். ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயைப் புலி கடிக்கும், கைப்பிடியைச் சுற்றினால் உறுமும்படி செய்த பொம்மை. இந்தப் பதக்கம் அதற்கு எதிர்ப்பாட்டு மாதிரி. நீ புலியை வைத்து எங்களைக் கடித்தாயா, நாங்கள் சிங்கத்தை வைத்து உன்னை மிதிக்கிறோம் என்று. பள்ளிக்கூடத்துச் சுவரில் பையன்கள் எழுதி எழுதி அழிப்பார்களே, அந்த ரகம். என்ன, இதில் ராஜ்ஜியங்கள் மாட்டிக்கொண்டன.

இதெல்லாம் படத்தில் இருக்கும் அரசியல். எல்லா ஏலப் புத்தகங்களிலும் எழுதியிருக்கும். நான் சொல்ல வந்தது வேறு.

ஒரே அச்சு, ஒரே படம், ஆனால் ஐந்து உலோகங்கள். தங்கம், தங்க முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், வெள்ளீயம். கவர்னர் ஜெனரலுக்கும் தளபதிகளுக்கும் தங்கம். அவர்களுக்கு அடுத்த பெரிய அதிகாரிகளுக்கு முலாம். இளநிலை அதிகாரிகளுக்கு வெள்ளி. ஹவில்தார் போன்றவர்களுக்கு வெண்கலம். சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். சோஹோவில் அடித்த கணக்காகச் சொல்லப்படுவது இது: தங்கம் 30, முலாம் 185, வெள்ளி 3,636, வெண்கலம் 5,000, வெள்ளீயம் 45,000.

நான் பேங்க்காரன். எனக்கு சிங்கம், புலியை விட இந்தக் கணக்குதான் முதலில் கண்ணில் படுகிறது. மதிலில் ஏறியவனுக்கு ஈயம், கூடாரத்தில் இருந்தவனுக்குத் தங்கம். போனஸ் கவரைப் பிரித்துப் பார்த்த அனுபவம் உள்ள எல்லோருக்கும் இது புரியும். கும்பினிப் பதக்கத்தின் உண்மையான அரசியல் அதன் முகத்தில் இல்லை, உலோகத்தில் இருக்கிறது.

அந்த வெள்ளீயம் வாங்கியவர்கள் யார்? பெரும்பாலும் மதராஸ் படையும் பம்பாய்ப் படையும். மதராஸ் படையென்றால் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் என்று நம் பக்கத்து ஆட்கள். திப்புவை வீழ்த்தியதில் அவர்கள் கை இருந்தது. அதே சமயம் கொங்கு நாட்டில் தீரன் சின்னமலை திப்புவின் பக்கம் நின்றார், திப்பு இறந்த பிறகும் சண்டை போட்டார், 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். 1806 ஜூலை 10-இல் வேலூர்க் கோட்டையில் கும்பினிச் சிப்பாய்களே எழுந்தார்கள். திப்புவின் பிள்ளைகளை அப்போது அங்கேதான் வைத்திருந்தார்கள். சிங்கப் பதக்கம் சிப்பாய்களுக்கு வினியோகமானது 1808-இல். வேலூர் நடந்து இரண்டு வருடம் கழித்து! அந்த வெள்ளீய வில்லையைக் கையில் வாங்கியவன் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குள் ஒரு கேள்வி எப்போதும் உண்டு.

எங்கள் ஊருக்கு வருகிறேன். திப்புவின் ராஜ்ஜியத்தைப் பங்கு போட்டபோது ஐந்து வயது உடையார் பிள்ளைக்கு மைசூர், கும்பினிக்குக் கோயம்புத்தூர். கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. கௌதள்ளியும் கூடவே. அப்புறம் 1956 நவம்பர் 1 மொழிவாரி மாநிலப் பிரிவினையில் தாலுகா மைசூர் மாநிலத்துக்குப் போனது. ஒன்றரை நூற்றாண்டு மதராஸ், பிறகு மைசூர். தாத்தா கோயம்புத்தூர்க் கலெக்டருக்கு மனு எழுதினார், மாமா மைசூர்க் கலெக்டருக்கு எழுதினார், வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது. என் வீட்டில் ஏன் தமிழ், பள்ளிக்கூடத்தில் ஏன் கன்னடம் என்பதன் காரணத்தில் ஒரு பாதி அந்த எண்ணெய்க் கிண்ண வில்லையில் இருந்திருக்கிறது. எங்கள் எல்லைக்கோட்டைக் கிழித்த சண்டையின் ரசீது அது.

"நம்மளை அடிச்சதுக்குக் குடுத்த மெடலை நாமளே காசு போட்டு வாங்கணுமா?"

இது என் மனைவி கேட்டது. நியாயமான கேள்வி. பல நண்பர்களும் கேட்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கத்திலிருந்தும் வரும். கர்நாடகாவில் 2015-இல் திப்பு ஜெயந்தியை அரசு விழாவாக ஆரம்பித்தார்கள், 2019-இல் அடுத்த அரசு நிறுத்தியது. இரண்டு தடவையும் தெருவில் கூச்சல். எனக்கே ஊரிலிருந்து இரண்டு விதமாகவும் அறிவுரை வந்தது. ஒருவர் "அந்தப் பதக்கத்தை உருக்கிப் போடுங்க" என்றார். இன்னொருவர் "அதுதாங்க நமக்கு விடுதலை குடுத்தது, ஃப்ரேம் போட்டு மாட்டுங்க" என்றார்.

என் கருத்து: உருக்கவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். படிக்கணும். பழைய லெட்ஜரில் கடன்காரன் பக்கம் பிடிக்கவில்லை என்று நாங்கள் கிழித்துவிடுவதில்லை. கிழித்தால் கணக்கே நேராகாது. வெண்கலப் பதக்கம் ஜெயித்தவன் தன் கைப்பட எழுதிய லெட்ஜர். அதில் அவன் மறைக்க நினைத்ததும் இருக்கும், யாருக்கு ஈயம் என்பது உட்பட.

1897 வைர விழாப் பதக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் முக்காடு போட்ட வயதான விக்டோரியா, மறு பக்கம் இளம் வயது விக்டோரியா. பார்க்க அழகு. வெண்கலத்தில் நிறைய அடித்ததால் நம் சம்பளத்துக்குள் கிடைக்கும். ஆனால் அந்த வருடம் இந்தியாவில் பஞ்சம், பம்பாய்ப் பக்கம் பிளேக். விழா நாளான ஜூன் 22 இரவு பூனாவில், கொண்டாட்டம் முடிந்து வீடு திரும்பிய பிளேக் அதிகாரி ராண்டைச் சாபேக்கர் சகோதரர்கள் சுட்டார்கள். பதக்கத்தில் இது எதுவும் இல்லை. பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டில் நாம் எழுதி வைத்தால் உண்டு. 1843 குவாலியர்ப் போருக்குக் கொடுத்த வெண்கல நட்சத்திரம் தோற்றவர்களிடம் பிடித்த பீரங்கிகளை உருக்கிச் செய்தது. அதையும் யாராவது சொன்னால்தான் தெரியும். சேகரிப்பவனின் வேலை அந்தச் சீட்டு எழுதுவது. வாங்கிப் பூட்டி வைப்பது வேலையில் பாதிதான்.

இனி, எனக்குக் கொஞ்சம் கூச்சமான பகுதி.

நாலு வருடத்துக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது மாமா கடையை மூடிவிட்டிருந்தார். டப்பாவை எடுத்து வில்லையை என் கையில் வைத்தார். அவர் மகன் பக்கத்தில் நின்று, "அத்தான், இங்க பழைய பித்தளை விலைக்குத்தான் கேக்கறாங்க. நீங்க அங்க கொண்டுபோய் வித்துட்டு அனுப்புங்க. அப்பாவோட கண் ஆபரேஷனுக்கு ஆகும்" என்றான். நியாயமான பேச்சு. வைக்க இடமும் பார்த்துவிட்டேன்: ஷேவிங் செட் பைக்குள். இரவு முழுக்க அது அந்தப் பைக்குள்தான் இருந்தது.

1972 தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயம், கலைப்பொருள், வரலாற்று மதிப்புள்ள சாமான் எதையும் தனி ஆள் இந்தியாவை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. பாட்டி வீட்டுச் சாமான் என்றாலும் கூடாது. தண்டனை ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை. எனக்கு இது நன்றாகவே தெரியும். கவுண்டரில் நின்ற காலத்தில் எத்தனை பேரிடம் "சார், ரூல் ரூல்தான்" என்று சொல்லியிருப்பேன்! அந்த இரவில் என் மனம் எனக்கு எடுத்துக் கொடுத்த சாக்குகள் இருக்கிறதே: 'இங்க செஞ்சதுதானே, திரும்பிப் போகுது', 'எண்ணெய்க் கடை வில்லையை எவன் பார்ப்பான்', 'மாமா கண்ணுக்காகத்தானே'. கடன் கட்டாதவர்கள் எங்களிடம் சொல்லும் காரணங்கள் போலவே இருந்தன.

காலையில் பையிலிருந்து எடுத்து மாமா கையில் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எனக்கு அது தெரியாதுங்க மாப்ளே. ஆனா வித்துட்டா என் பாட்டனார் கதையை எதைக் காட்டிச் சொல்றதுன்னு நானும் ராத்திரி பூரா முழிச்சிருந்தேன்" என்றார். கண் ஆபரேஷனுக்கு நானும் அவர் மகனும் பாதிப் பாதி போட்டோம். அதற்கு மெடல் தேவைப்படவில்லை. முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும் எனக்கு.

மாமாவின் கதை நிஜமா? நிரூபிக்க முடியாது. இந்தப் பதக்கங்களின் விளிம்பில் வாங்கியவன் பெயர் பொறித்துக் கொடுக்கவில்லை. ஹவில்தாரும் வாங்கியிருக்கலாம், அந்த ஹவில்தார் அடகு வைத்து யாரோ ஒரு செட்டியார் கடை வழியாகவும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கலாம். வெண்கலம் என்பது மட்டும் ஹவில்தார் கதைக்கு ஒத்துப் போகிறது. இப்போதெல்லாம் நான் சிரிப்பதில்லை.

இதைப் படிக்கும் வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்கு அனுபவத்தில் சொல்வது இவ்வளவுதான்.

ஊர் வீட்டுப் பரணில் பழைய பதக்கம் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள், எடையும் அகலமும் குறித்து வையுங்கள். அதைவிட முக்கியம், பெரியவர்களிடம் கதையைக் கேட்டு செல்போனில் பதிவு செய்யுங்கள். பதக்கம் இன்னும் இருநூறு வருடம் இருக்கும், மாமாக்கள் இருக்க மாட்டார்கள்.

சேகரிக்க ஆசையென்றால், ஏற்கெனவே வெளிநாட்டில் இருப்பதை, ரசீது தரும் வியாபாரியிடம் வாங்குங்கள். இணையத்தில் வார்ப்புப் போலிகள் நிறைய. எழுத்தின் ஓரம் மழுங்கியிருந்தால், மேல்தோலில் பொடிப்பொடியாகக் குழி இருந்தால், எடை இடித்தால், வாங்காதீர்கள்.

புளி, எலுமிச்சை, சாம்பல் கூடவே கூடாது! அந்தப் பழுப்பு நிறம்தான் அதன் தோல். தேய்த்தால் முகமும் போகும், விலையும் போகும். பச்சைப் பொடி பூக்க ஆரம்பித்தால் ஈரமில்லாத இடத்துக்கு மாற்றி, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். சாதாரண பிளாஸ்டிக் கவரில் போட்டு வைக்காதீர்கள், சில வருடத்தில் பிசுபிசுக்கும்.

முதலீடு என்று நினைத்து இறங்காதீர்கள். பேங்க்காரனாகச் சொல்கிறேன். வட்டி கிடையாது, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் பள்ளம். வீட்டுக்கடன் தவணை போக மிஞ்சியதில் மட்டும் வாங்குங்கள். (என் போனஸ் கதையை யாரும் மனைவியிடம் ஞாபகப்படுத்த வேண்டாம்.)

சரி, மகளின் கேள்வி.

அடுத்த ஞாயிறு மழை இல்லை. ஹேண்ட்ஸ்வொர்த்துக்குக் கூட்டிப் போனேன். மின்ட் இப்போது இல்லை. போல்டன் வாழ்ந்த சோஹோ ஹவுஸை மட்டும் மியூசியமாக வைத்திருக்கிறார்கள். பக்கத்து சோஹோ ரோட்டில் புடவைக் கடை, ஜிலேபிக் கடை, நகைக் கடை. ஜிலேபி வாங்கிக் கொடுத்துவிட்டு, வண்டியில் உட்கார்ந்தபடி ஐந்து உலோகக் கதையைச் சொன்னேன். கோட்டை மதிலில் ஏறிய ஆட்கள், அவர்களோடு சண்டை போட்ட ஆட்கள், சண்டை முடிந்ததும் கோடு மாறிப்போன நம் ஊர், எல்லாம்.

"நாம சிங்கமும் இல்ல, புலியும் இல்ல பாப்பா. இந்தப் பக்கமும் நம்ம ஆளுங்க இருந்தாங்க, அந்தப் பக்கமும் இருந்தாங்க. படத்துலதான் யாரையும் போடல."

கொஞ்ச நேரம் யோசித்தாள். விரலில் இருந்த ஜிலேபிப் பாகை நக்கிக்கொண்டே கேட்டாள்:

"அப்போ ஈயம் வாங்கினவங்க அதை வாங்க மாட்டேன்னு சொல்லலையா?"

இதற்கும் என்னிடம் ஃபார்ம் இல்லை. வேலூர்க் கதையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

பி.கு.: மாமா வீட்டு வில்லை இப்போது டப்பாவில் இல்லை, சாமி அலமாரியில் ஒரு பருத்தித் துணிக்குள் இருக்கிறது. அத்தையிடம் புளி விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது. "அப்போ குங்குமம் மட்டும் வெக்கலாமா?" என்று கேட்டார். துணிமேல் வையுங்கள் அத்தை என்றேன்.